நாய் ஸ்லெட் சவாரி: போகலாமா, வேணாமா?

மணல்மேடு:
டிசம்பர்ல குடும்பத்தோட நார்வே ட்ரொம்சோ போறோம். ஏஜென்ட் பேக்கேஜ்ல நாய் ஸ்லெட் சவாரியும் (பனியில நாய்ங்க இழுக்கற சறுக்கு வண்டி) சேத்திருக்கார், கைடு முன்னாடி போவாராம், பின்னாடி நாமளே ஓட்டலாமாம். பொண்ணு குதிக்கிறா. வீட்ல இவங்க பாவம், வேணாங்கறாங்க. போனவங்க சொல்லுங்க.

வாலாட்டி:
அவங்க சொல்றதுதான் சரிங்க. கனடா விஸ்லர்ல நடந்தது தெரியுமா? 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்ஸ் முடிஞ்சு கூட்டம் குறைஞ்சதும் சவாரி நாய்ங்களைக் கொன்னு குழியில போட்டாங்க, மறுவருஷம்தான் வெளிய தெரிஞ்சுது, தோண்டுனப்போ 50-க்கு மேல உடல்.

வடபனி:
நான் ஒஸ்லோவில இருக்கிறன், போன மாசி ட்ரொம்சோப் பக்கம் ஓடினனான். வாரைப் பூட்டத் தொடங்கவே எல்லா நாயும் குலைச்சுக்கொண்டு துள்ளுதுகள், பனியில கொழுக்கி குத்தி வைக்காட்டி வண்டியை இழுத்துக்கொண்டு போயிடும். வெளிக்கிட்ட உடன குலைப்பு அடங்கிடும், மூச்சும் பனி அரையிற சத்தமும்தான். அலாஸ்கன் ஹஸ்கியள், இழுக்கவெண்டே வளத்த கலப்பினம், மைனஸ் 15 அதுகளுக்குச் சுகம். அடிச்சு இப்பிடி ஓட வைக்கேலாது.

காரைக்கால்காரி:
ஆமாங்க, 1925ல அலாஸ்காவுல நோம் ஊர்ல டிப்தீரியா வந்தப்போ 20 பேர், சுமார் 150 நாய், ரிலேயா 1,000 கிலோமீட்டருக்கு மேல மருந்து கொண்டுபோய்ச் சேத்ததுங்க. அந்த மக்களோட வாழ்க்கையே இதுதான்.

வாலாட்டி:
அது உயிர் காக்கப் போனது, இது நம்ம லீவுக்கு. இழுக்கறது பிடிக்கும்னு நானும் ஒத்துக்கறேன், மீதி இருபது மணி நேரத்தைத்தான் கேக்கறேன். ஃபின்லாந்து ரோவனியெமி பக்கம் நான் போன இடத்துல கென்னலுக்கு (நாய்ங்களை வச்சிருக்கற இடம்) பின்னாடி போய்ப் பாத்தேன், சங்கிலி எட்டற வரைக்கும் வட்டமா பனி மஞ்சளா மிதிபட்டுக் கிடந்துது. ஒரு நாய்க்கு முன்னங்கால் பாதம் வெடிச்சு ரத்தம், காலுக்கு உறை கூட போடலை, சொன்னா சரியாயிடும்னுட்டு அடுத்த குரூப்புக்குப் பூட்டிட்டாங்க. நான் ஏறலை, பணமும் திரும்பி வரலை.

வடபனி:
அது பெரிய பிழை, நானும் ஏறியிருக்கமாட்டன். ஆனா எல்லாரும் விட்டிட்டா நல்லா வளக்கிறவனும்தானே மூடுவான், அந்த நாயளை ஆர் பாக்கிறது? விஸ்லருக்குப் பிறகு 2012ல அந்த ஊர் இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில விதி வந்தது, 24 மணித்தியாலத்துக்கு ஒருக்காவது அவிட்டுவிட வேணும். எல்லா இடத்திலயும் அப்பிடிக் கேக்கிறதுதான் வழி.

வாலாட்டி:
விதி பேப்பர்ல இருக்கும். ஏப்ரல்ல பனி உருகிட்டா, நாய்க்குப் பத்து வயசானா என்ன பண்றாங்கன்னு டிக்கெட் வாங்கறவன் யாரு கேக்கறான்?

மணல்மேடு:
நான் கேட்டுட்டேன். ஒரு நாய் ஒரு நாளைக்கு எத்தனை ட்ரிப், வயசானது எங்க போகுது, ஒரு மணி நேரம் முன்னாடியே வந்தா கென்னலைச் சுத்திப் பாக்க விடுவாங்களான்னு ஏஜென்ட்டுக்கு மெயில் போட்டிருக்கேன். பதில் வந்தா இங்கயே போடறேன். பொண்ணுகிட்ட இன்னும் எதுவும் சொல்லலை.