தேரூர் குளத்தில் இலையில்லாத் தண்டுக் கோரைகள்: எல்லாம் ஒரே இனமா?

கேள்வி

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர் குளத்தின் கரையோரச் செடிகளைப் பள்ளி மாணவர்களுக்காகப் பட்டியலிட்டு வருகிறேன். சம்பும் பாய்க்கோரையும் எளிதில் பிடிபட்டுவிடுகின்றன. மடைக்கு அருகே சேற்றில் கொத்துக் கொத்தாக நிற்கும் ஒரு கூட்டம்தான் குழப்புகிறது. இலை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. பச்சைக் குழாய் போன்ற உருண்டைத் தண்டுகள் மட்டுமே. விரல்களுக்கிடையே அழுத்தி உருவினால், உள்ளே குறுக்குத் தடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுப்படுகின்றன. சில தண்டுகளின் நுனியில் ஒற்றைக் கதிர் இருக்கிறது. வேறு சிலவற்றில் தண்டின் பாதிக்குக் கீழே பழுப்புக் கொத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் எலியோக்காரிஸ் டல்சிஸ் (கோரைக் குடும்பத்துச் செடி) என்று எழுதிவிடலாமா? அல்லது இவை கோரை போலவே தோன்றும் வேறு குடும்பத்து ஜங்கஸ் வகையா?

பதில்

ஐயா, அந்தத் தடுப்புகளை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். குறைந்தது மூன்று இனங்களுக்கு அவை பொது. பூ எந்த இடத்தில் இருக்கிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

நுனியில் ஒரே ஒரு கதிர், அதன் அடியில் இலைபோன்ற எதுவும் இல்லை என்றால் எலியோக்காரிஸ். டல்சிஸ் இனத்தில் இளங்கதிரின் பருமனும் தண்டின் பருமனும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், பூக்கவில்லை என்று எண்ணிப் பலர் கடந்துவிடுவார்கள்.

நடுவில் கொத்து ஒட்டியிருப்பது பெரும்பாலும் ஷோனோபிளெக்டியெல்லா ஆர்ட்டிகுலேட்டா என்ற இன்னொரு கோரை. உண்மையில் தண்டு அந்தக் கொத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நிமிர்ந்து நிற்பது பூவடி இலை, அதாவது பூங்கொத்தின் அடியிலிருந்து வளரும் இலை. அது தண்டைப் போலவே உருண்டு, தடுப்புகளோடும் இருப்பதால் கண்ணை ஏமாற்றிவிடுகிறது. பழைய நூல்களில் இதை ஸ்கிர்பஸ் ஆர்ட்டிகுலேட்டஸ் என்று காண்பீர்கள். சைபிரஸ் ஆர்ட்டிகுலேட்டஸ் முற்றிலும் வேறு செடி. இரண்டுக்கும் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் ஒரே பின்பெயரை (பெயரின் இரண்டாம் சொல்லான ஆர்ட்டிகுலேட்டஸ்) வைத்ததால் பட்டியல்களில் இவை இடம் மாறிவிடும் வாய்ப்பு உண்டு.

ஜங்கஸ் என்ற ஐயத்தைக் காயைப் பார்த்தே தீர்த்துக்கொள்ளலாம். ஜங்கஸ் பூவில் ஆறு சிற்றிதழ்கள் இருக்கும். காய் மூன்றாக வெடித்துப் பல நுண்விதைகளைச் சிந்தும். கோரைக் குடும்பத்தில் ஒவ்வொரு பூவும் ஒரு செதிலுக்குள் ஒடுங்கியிருக்கும். வெடிக்காத ஒற்றைவிதைக் கொட்டையே கிடைக்கும். தமிழகத்தில் ஜங்கஸைத் தேட நீலகிரி போன்ற மலைகளின் ஈரநிலங்களே ஏற்ற இடம்.

கேட்டவர்

மிக்க நன்றி. இன்று மீண்டும் பார்த்தேன். நடுக்கொத்துச் செடிகள் தாங்கள் சொன்னவாறே இருக்கின்றன. ஆனால், மூன்றாவதாக ஒன்றும் தென்பட்டது: தண்டு அதே உருண்டை, அதே தடுப்புகள், நுனியிலோ குடைக்கம்பிகளாய் விரியும் கிளைகளில் மெல்லிய, தட்டையான சிறுகதிர்கள்.

பதில்

அதுதான் சைபிரஸ் ஆர்ட்டிகுலேட்டஸாக இருக்க வேண்டும். ஒரு சிறுகதிரைக் கைலென்சில் பாருங்கள்: செதில்கள் இரண்டு வரிசையாக, எதிரெதிரே அடுக்கப்பட்டிருந்தால் சைபிரஸ் என்பது உறுதி. மற்ற இரண்டிலும் செதில்கள் சுருளாகச் சுற்றி அமையும். பூங்கொத்தின் அடியில் உள்ள பூவடி இலைகள் மிகக் குட்டையாக இருக்கின்றனவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாய்க்கோரையில் அவை நீண்ட இலைகளாகவே தெரியும்.

மற்றொருவர் பதில்

முதிர்ந்த கொட்டை கிடைத்தால் அதையும் சோதிப்பது நல்லது. எலியோக்காரிஸ் கொட்டையின் தலையில் சூல்தண்டின் (பூவின் சூலகத்துக்கு மேலுள்ள காம்பின்) அடிப்பகுதி உதிராமல் சிறு தொப்பியாகத் தங்கியிருக்கும். ஷோனோபிளெக்டியெல்லா ஆர்ட்டிகுலேட்டாவில் தொப்பி இல்லை. கொட்டை கறுத்து, குறுக்குச் சுருக்கங்களோடு இருக்கும்.

சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகம் 2022 முதல் ராம்சார் தலம், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட ஈரநிலம். ஆகவே, வேரோடு பிடுங்க வேண்டாம். மாதிரி எடுப்பதற்கு முன் வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள். முழுச்செடி, பூங்கொத்து, தண்டின் அடியுறை ஆகிய மூன்றையும் அருகிலிருந்து படமெடுத்தாலே பெரும்பாலும் போதும். பூவில்லாத தண்டுகளுக்கு இப்போது பெயர் சூட்டாமல், இடத்தை மட்டும் குறித்துவைத்து, அவை பூக்கும்போது மீண்டும் பாருங்கள்.