கந்தளாய்க் குளத்தடிக் கொட்டில்

சின்ன வயது முகாம் நினைவு என்றதும் பலரும் பேய்க்கதையும் பாட்டும்தான் எழுதுகிறார்கள். என் மனதில் நிற்பது நாங்களே கட்டிய ஓலைக் கொட்டில்தான்.

சாரணப் பிள்ளைகளாகத் திருகோணமலையிலிருந்து ஓகஸ்ட் விடுமுறையில் கந்தளாய்க் குளத்தடிக்குப் போவோம். குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டிய குளம் என்று கோணேசர் கல்வெட்டு என்னும் பழைய நூல் சொல்லும். 7ஆம் நூற்றாண்டு அனுராதபுர அரசன் இரண்டாம் அக்கபோதி என்பார்கள் வரலாற்றுக்காரர்கள். அந்த வயதில் எங்களுக்கு யார் கட்டினால் என்ன, குளிக்க விட்டால் சரி.

கூடாரம் எல்லோருக்கும் காணாது. தடி நட்டு, கிடுகு வேய்ந்து, மூன்று பக்கம் அடைத்துக் கொட்டில் போடுவோம். திறந்த பக்கம் கிழக்கே இருக்கவேண்டும். மேற்கே விட்டால் கச்சான் காற்று சோற்றுக்குள் மண்ணை அள்ளிப் போடும். ஆணி கிடையாது, எல்லாம் சதுரக்கட்டு. கயிற்றை இரண்டு தடிகளையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, பிறகு தடிகளுக்கு நடுவே இரண்டு சுற்று இறுக்கவேண்டும். அந்த நடுச்சுற்றில்தான் கட்டின் உயிர். எங்கள் சாரண ஆசிரியர் வந்து தடியில் தொங்கிப் பார்ப்பார். வழுகினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டவேண்டியதுதான்.

பல வருடம் கழித்து நியூயோர்க் மாநிலத்தில் இருக்கிற மச்சாள் வீட்டுக்குப் போனபோது, அடிரொண்டாக் மலைப்பக்கம் ஏரிக்கரையில் பிள்ளைகளின் கோடை முகாம் ஒன்றைக் காட்டினார்கள். அங்கேயும் மூன்று சுவர், ஒரு பக்கம் திறப்பு, முன்னால் நெருப்பு! கிடுகுக்குப் பதில் முழு மரக்குற்றி, அவ்வளவுதான். பெரிய கட்டடங்களில் மரத்தின் பட்டையைக்கூட உரிக்கவில்லை. குளிர்காலத்தில் வெட்டினால் பட்டை கழராதாம். ஈரம் ஏறாமல் அடியில் கருங்கல், மழை படாமல் நீண்ட தாழ்வாரம். இந்தப் பாணியை 1870களின் கடைசியில் ராக்கெட் (Raquette) ஏரிக்கரையில் பணக்காரர்களுக்காகப் பிரபலமாக்கியவர் வில்லியம் டூரண்ட். பிள்ளைகளின் முகாம்களுக்கு அது பிறகு வந்தது. காட்டு வீட்டைப் பணக்காரர் விளையாட்டாக எடுத்ததைவிடப் பிள்ளைகள் எடுத்ததுதான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

பிள்ளைகள் முகாமின் கதை இன்னும் சுவை. 1881இல் நியூஹாம்ஷயரின் ஸ்குவாம் ஏரித் தீவொன்றில் ஏர்னஸ்ட் பால்ச் என்ற இளைஞர் சொக்கோருவா முகாமைத் தொடங்கினார். வசதியான வீட்டுப் பையன்கள் விடுமுறையில் சும்மா கிடந்து கெடுகிறார்கள் என்பது அவர் கவலை. அதனால் வேலைக்காரர் கிடையாது. சமையலும் பாத்திரம் கழுவலும் பையன்களே.

எங்களுக்கும் அதே சட்டம்தான். சாம்பலும் தும்பும் போட்டுக் கரிச்சட்டி தேய்க்கும் முறை வந்தால் மட்டும் எங்கள் அணியில் பாதிப்பேருக்குத் திடீர் வயிற்றுவலி.