புதுப்பிப்பு: சர்க்கரைக்கு அசையாத செல்கள்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பினாங்கில் எங்கள் நீரிழிவு ஆய்வகத்தில் வளர்க்கும் ஐஎன்எஸ்-1 என்ற எலி பீட்டா செல்கள் (இன்சுலின் சுரக்கும் கணையச் செல்கள்), குளுக்கோஸ் லிட்டருக்கு 2.8 மில்லிமோல் என்று குறைவாக இருந்தாலும் 16.7 என்று அதிகமாக இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு இன்சுலினைத்தான் சுரந்தன. சர்க்கரை கூடினால் இன்சுலினும் கூட வேண்டும். ஏன்?

காரணம் கிடைத்துவிட்டது. நாங்கள் சோதித்த மூலிகைச் சாறும் இல்லை, இன்சுலின் அளக்கும் கிட்டும் இல்லை. குடுவை மாற்றி மாற்றி வளர்த்ததில் பாசேஜ் எண், அதாவது அப்படி மாற்றிய தடவைகளின் எண்ணிக்கை, 90-ஐத் தாண்டியிருந்தது. அவ்வளவு தூரம் போனால் இந்தச் செல்கள் சர்க்கரையை உணரும் திறனை இழக்கத் தொடங்கும். கோலாலம்பூர் அக்கா ஒருவர் முதலில் அந்த எண்ணைத்தான் பார்க்கச் சொன்னார். அக்கா, மனமார்ந்த நன்றி.

திரவ நைட்ரஜனில் முன்பே உறைய வைத்திருந்த, பாசேஜ் எண் குறைந்த செல்களின் குப்பியை எடுத்துப் புதிதாக வளர்த்தோம். சோதனைக்கு முன் இரண்டு மணி நேரம் குறைந்த குளுக்கோஸில் வைத்தோம். இப்போது மூன்று முறையும் இன்சுலின் நன்றாக ஏறுகிறது.

ஆனால் மாணவியின் நான்கு மாதத் தரவு போய்விட்டது. அழுதுவிட்டாள். மூத்த ஆய்வாளர் நான்தான் கவனித்திருக்க வேண்டும். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளுக்குக் கால நீட்டிப்பு கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் சொல்கிறேன்.