செல்டிக்ஸ் ரசிகர்களே, ஒரு பட்டியலுக்கு உதவி வேண்டும்

பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியின் மறக்க முடியாத பாஸ்களையும், கடைசி நொடியில் ஆட்டத்தைக் காப்பாற்றிய தடுப்புகளையும் தொகுத்து வருகிறேன். ஓர் இடத்தில் முடிவெடுக்க முடியவில்லை.

1987, டெட்ராய்ட் பிஸ்டன்ஸுக்கு எதிரான கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்று, 5ஆவது ஆட்டம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம், சில நொடிகளே பாக்கி. பக்கக் கோட்டிலிருந்து டெட்ராய்டின் ஐசேயா தாமஸ் போட்ட பந்தை நம் லாரி பேர்ட் பாய்ந்து பறித்தார். எல்லோரும் பேசுவது அதைத்தான். ஆனால் கோட்டுக்கு வெளியே விழப்போகிற நிலையில் உடம்பைத் திருப்பி, கூடையை நோக்கி ஓடிவந்த டென்னிஸ் ஜான்சனுக்குக் கொடுத்தாரே, அந்தப் பாஸ்தான் எனக்குப் பெரிது. 108-107! இதைப் பாஸில் சேர்ப்பதா, தடுப்பில் சேர்ப்பதா?

1965இல் நம் ஹாவ்லிசெக் பந்தைத் தட்டிப் பறித்தது தடுப்பு. 2022இல் நெட்ஸ் அணிக்கு எதிராக நம் ஸ்மார்ட், டேட்டமுக்குக் கொடுத்தது பாஸ். சரி.

அப்புறம் நம் பழைய வீரர் பில் ரசல். அவர் காலத்தில் பிளாக் (எதிரணி கூடையை நோக்கி எறியும் பந்தைத் தடுப்பது) கணக்கே கிடையாது; 1973-74 சீசனில்தான் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ எண்ண ஆரம்பித்தது. 1957 இறுதிப் போட்டியின் 7ஆவது ஆட்டத்தில் ஜாக் கோல்மனைத் துரத்திப்போய்த் தடுத்ததைச் சேர்த்துவிட்டேன். அவருடைய வேறு எந்த பிளாக்குகளைச் சேர்க்கலாம்? ஆண்டும் எதிரணியும் சொன்னால் போதும், தேடிக்கொள்கிறேன்.