நெல்லு காயப்போட்ட ரோட்டுல டிப்பர் உரசிட்டு போயிடுச்சு, உதவி வேணும்

போன ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பது மணி இருக்கும், திருவையாறு கும்பகோணம் ரோட்டுல கபிஸ்தலம் தாண்டி என் பக்கம் பூரா நெல்லு காயப்போட்டிருந்தாங்க, மீதி ஒரு வண்டி போற அளவுதான் வழி, நான் கார்ல பாதிக்கு மேல வந்துட்டேன், எதிர்ல ஒரு டிப்பர் லைட்ட அடிச்சுக்கிட்டே உள்ள நுழைஞ்சு என் கார் டிரைவர் பக்க கண்ணாடிய உடைச்சு ரெண்டு கதவையும் கிழிச்சுட்டு நிக்காம போயிடுச்சு. நெல்லு மேல ஏத்தியிருந்தா தப்பிச்சிருப்பேன், ஒருத்தரோட இத்தனை மாச உழைப்பு, மனசு வரல.

என் கார் 2019 வேகன்ஆர். டிப்பர் நம்பர் இருக்கு, வண்டி விவரம் காட்டுற எம்பரிவாகன் ஆப்ல பாத்தேன், அதோட இன்சூரன்ஸ் நடப்புலதான் இருக்கு. டிப்பர்ல எழுதியிருந்த போன் நம்பருக்கு கூப்பிட்டா ஓனர், "நெல்லு உங்க பக்கம், நீங்கதான் நின்னிருக்கணும்"னு சொல்லிட்டு வச்சுட்டார். முன்னாடி நுழைஞ்சவங்களுக்கு வழி விடுறதுதானே நியாயம்? போலீஸ் ஸ்டேஷன்ல சிஎஸ்ஆர் (புகார் வாங்கினதுக்கான ரசீது) மட்டும் குடுத்தாங்க. பட்டறைல 14,000 சொல்றாங்க. என் இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணா மூணு வருஷமா சேத்த 35% நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் பண்ணாததுக்கு பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி) போயிடும். டேஷ்கேம் இல்ல, போட்டோ இருக்கு, நெல்லு கிளறிக்கிட்டிருந்த பெரியவர் சாட்சி சொல்றேன்னார்.

டிப்பரோட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்ல இந்த செலவ கேட்டு மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துல மனு போட சிஎஸ்ஆர் போதுமா, எஃப்ஐஆர் கட்டாயம் வேணுமா?