சீசன் நடுவில் பேரிங் போகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
சித்தூர் பக்கம் மாம்பழக் கூழ் ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஜூனில், தோத்தாபுரி லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும்போதுதான் பல்ப்பர் (பழத்தைக் கூழாக்கும் மெஷின்) பேரிங் பிடித்துக்கொள்கிறது, போன சீசனில் மட்டும் மூன்று தடவை. கிரீஸ் தவறாமல் அடிக்கிறோம். அப்புறமும் ஏன்?

பதில் 1:
அண்ணா, ராத்திரி லைனைக் கழுவும்போது தண்ணீரை நேராக பேரிங் மேலேயே பீய்ச்சுகிறார்களா பாருங்கள். பேரிங்கை மூடியிருக்கும் சீல் வழியாக நீர் இறங்கினால் கிரீஸ் பால் மாதிரி வெளுத்துவிடும். அளவுக்கு மீறி அடைத்தாலும் சூடேறும்.

பதில் 2:
அது சரி. ஆனால் பிளானிங் வேறு, ஷெட்யூல் வேறு. எந்த நம்பர் பேரிங், என்ன சீல், பேரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லர், எத்தனை ஆள், எவ்வளவு நேரம் என்று முன்பே எழுதி, சாமானையெல்லாம் ஒரே டப்பாவில் போட்டு வைப்பது பிளானிங். அதை எந்த நாள், யார் மாட்டுவது என்று புரொடக்‌ஷன்காரரிடம் பேசி நேரம் வாங்குவது ஷெட்யூல். எங்கள் ஆலையில் முதலாவது மட்டும் இருந்தது, டப்பா தூசி பிடித்துக் கிடந்தது! கடைசியில் லைன் கழுவுகிற நேரத்தைக் கேட்டு வாங்கினோம்.

கேட்டவர்:
திறந்து பார்த்தேன், வெளுத்த கிரீஸேதான். ரேஸில் (பேரிங் வளையத்தில்) சுத்தியல் அடித்த தழும்பும் இருக்கிறது, அது எங்கள் ஆள் வேலை. நாளைக்கு வேலூர் போய் புல்லர் வாங்கணும்.