பூவாளி தூக்கினா கராத்தே ஆயிடுமா?

#1 குதிரைநிலை
நேத்து ராத்திரி ஒரு பதிவு படிச்சேன், இன்னும் மனசு ஆறல. எழுதினவங்க இங்கே பல பேருக்குத் தெரிஞ்ச 'ரெட்டைவால் அம்மா'. அவங்க வார்த்தையிலேயே தர்றேன்:

"லீவு விட்டதுல இருந்து ஆறு வயசு மகளும் நாலு வயசு மகனும் தோட்டத்துலதான். காலைல ஆறரைக்குக் குதிரை நிலையில நின்னு, பூவாளியைப் பிடிச்சு, பத்து அவரைச் செடிக்குத் தண்ணி ஊத்துறாங்க. நாலே வாரத்துல தொடை இறுகிடுச்சு, கை வலுத்துடுச்சு. கராத்தே வகுப்புக்கு அனுப்பினா ஒரு வருஷத்துல வர்றது வீட்டுலயே வந்துடுச்சு."

22 வருஷமா பிள்ளைங்களுக்கு ஷோட்டோகான் பிரிவுக் கராத்தே சொல்லிக் கொடுக்கிறேன். அந்தப் பிரிவை உருவாக்கின ஃபுனகோஷி, டெக்கிங்கற மூணு கட்டாவுக்கும், அதாவது வரிசையா அமைச்ச அசைவுப் பாடங்களுக்கும், சேர்த்துப் பத்து வருஷம் செலவழிச்சவர். மூணும் முழுக்க முழுக்க, காலை அகட்டி முட்டியை மடிச்சுத் தாழ்ந்து நிக்கிற குதிரை நிலையிலேயே போகும். அவருக்குப் பத்து வருஷம், இவங்க வீட்டுல நாலு வாரம்!

மத்ததை எல்லாம் விட்டுடறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பூவாளிக்குக் கைப்பிடி இருக்கு. கைப்பிடி இருக்கிற பாத்திரத்தைத் தூக்கினா என்ன பிடிவலு வந்துடும்? நாலு விரலைக் கொக்கி மாதிரி மாட்டினா போதும், அது பாட்டுக்குத் தொங்கும். அது வீட்டு வேலை. வீட்டு வேலையைக் குறை சொல்லல, அதுக்குக் கராத்தேன்னு பேர் வைக்காதீங்க.

#2 வெண்டைக்காரன்
கராத்தே எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் பதிவோட படத்துல நிழலைப் பாருங்க, காலடியிலேயே விழுது. உச்சி வெயில். ஆறரை மணின்னு எழுதிட்டு நடு மத்தியானம் தண்ணி ஊத்துற படம் போட்டிருக்காங்க. இலை மேல நிக்கிற சொட்டு லென்ஸ் மாதிரி வேலை செஞ்சு இலையைக் கருக்கிடும். முதல்ல அதைப் பேசுங்க.

#3 ரெட்டைவால் அம்மா
என்னைப் பத்தித் தனி இழை போட்டிருக்கீங்க, என்னைக் கூப்பிடக்கூட இல்ல. நல்லா இருக்கு மாஸ்டர்.

அந்தப் படம் மத்தியானம் எடுத்தது, உண்மைதான். காலைல ரெண்டையும் மேய்க்கவே எனக்கு ரெண்டு கை பத்தாது, இதுல படம் எங்கே எடுக்க? மத்தியானம் சும்மா நிக்க வெச்சு எடுத்தேன்.

எங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு சொல்றேன், கேளுங்க. பையன் ஒவ்வொரு செடிக்கும் ஜப்பானிய மொழியில இச்சி, நி, சான், ஷின்னு பத்து வரைக்கும் எண்ணுவான். பத்து எண்ணி முடிக்கிற வரைக்கும் முட்டியை நிமிர்த்தக் கூடாது, இதுதான் விளையாட்டு. முதல் வாரம் மூணாவது செடியிலேயே உக்காந்துடுவான். இப்போ பத்தாவது செடி வரைக்கும் போறான். விதை முளைச்சப்போ ஒரு நாத்து தலையில விதைத்தோல் ஒட்டிக்கிட்டே மேல வந்துச்சு. "அம்மா, இது ஹெல்மெட் போட்டுக்கிட்டு சண்டைக்கு வருது"ன்னு அதுக்கு முன்னாடி குனிஞ்சு வணக்கம் வெச்சான். வகுப்புல வணக்கம் வெக்கப் பழகவே உங்களுக்கு ஒரு மாசம் ஆகும்.

ஒரு பூவாளி ஒண்ணரை லிட்டர் பிடிக்கும், அதாவது ஒண்ணரைக் கிலோ. தாழ்ந்து நின்னு, கையை நீட்டி அதைப் பிடிக்கிறது பயிற்சி இல்லைன்னா வேற எது பயிற்சி?

#4 குதிரைநிலை
மேடம், எழுதினதெல்லாம் அழகா இருக்கு. கைப்பிடி பத்தி மட்டும் ஒரு வார்த்தை இல்ல.

#5 கோஜுநிழல்
மாஸ்டர் இவ்வளவு அடிச்சுப் பேச வேண்டியதில்ல. கராத்தே பிறந்த ஒக்கினாவாவுல நிகிரி கமேன்னு ஒண்ணு உண்டு. மண் ஜாடி, ரெண்டு கையிலும் ஒவ்வொண்ணு. முதல்ல வெறும் ஜாடி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மணலோ தண்ணியோ நிரப்பித் தூக்கிக்கிட்டு அடி எடுத்து வெச்சு நடக்கணும். எங்க கோஜு பிரிவை உருவாக்கின மியாகி சோஜுன் வழியில இன்னைக்கும் செய்யறோம். தண்ணி நிரப்பின பாத்திரத்தைத் தூக்கி நடக்கிறது கராத்தே இல்லைன்னா எங்க குருநாதர்கள் எல்லாம் வீட்டு வேலையா செஞ்சாங்க?

#6 குதிரைநிலை
என் வாதத்தை நீங்களே சொல்லிட்டீங்க. நிகிரி கமேவுக்குக் கைப்பிடி கிடையாது! வாய் விளிம்பை அஞ்சு விரல் நுனியால கவ்விப் பிடிக்கணும். பிடி தளர்ந்தா ஜாடி காலடியில. அந்தப் பயம்தான் பயிற்சி. பூவாளியில அந்தப் பயம் எங்கே? கைப்பிடி இருக்கு. கைப்பிடி. இதையே எத்தனை தடவை எழுதணும்?

#7 நாலாம் கண்
'பயிற்சி'ன்னா ரெண்டு பேரும் ஒரே அர்த்தத்துல பேசறீங்களா? உடம்பு வலுக்கிறதா, கலையைக் கத்துக்கிறதா? அதை முதல்ல முடிவு பண்ணினா பாதி சண்டை தீர்ந்துடும்.

#8 குதிரைநிலை
அர்த்தமெல்லாம் அப்புறம் பேசலாம். கைப்பிடி இருக்கா இல்லையா?

#9 ரெட்டைவால் அம்மா
இருக்கு! இருக்கு! போதுமா? கைப்பிடி இருந்தா என்ன? கராத்தேவுக்குப் பக்கத்துலயே வளர்ந்த ஆயுதக் கலை கொபுடோவுல கூவா இருக்கு, அது மண்வெட்டி. காமா இருக்கு, அது அரிவாள். தோட்டத்துக்கும் உங்க கலைக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி எழுதறீங்க. டோன்ஃபாங்கற தடியே திருகைக் கல்லோட கைப்பிடியில இருந்து வந்ததுன்னு சொல்றாங்க. கைப்பிடி, மாஸ்டர். உங்களுக்குப் பிடிச்ச கைப்பிடி.

#10 குதிரைநிலை
திருகைக் கதை செவிவழிக் கதை, அதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. காமாவையும் கூவாவையும் ஆயுதமாப் பயன்படுத்த வருஷக்கணக்கா கட்டா பயிலணும். மண்வெட்டி பிடிச்சவங்க எல்லாம் வீரர்னா உலகத்துல விவசாயம் பண்ற அத்தனை பேருக்கும் கருப்பு பெல்ட் கட்டி விடலாம்.

இன்னொண்ணும் சொல்றேன், இதைக் கோபமா எழுதல. ஆறு வயசுக் குழந்தை ஒரு கையில ஒண்ணரைக் கிலோ தூக்கினா இடுப்பு அந்தப் பக்கம் சாயும். நாலு வாரம் தினமும் சாஞ்சா சாய்வே பழக்கமாயிடும். என்கிட்ட வர்ற பிள்ளைங்களுக்கு முதல் ரெண்டு மாசம் நான் கையில எதையும் கொடுக்கிறதில்ல. பக்கத்துல உக்காந்து முட்டியை மட்டும் பாப்பேன். நீங்க வாசப்படியில நின்னு பாத்தா அது தெரியாது. பின்னால வந்து, தரையில உக்காந்து, குதிகால்ல இருந்து பாக்கணும். முட்டி உள்ளே மடங்குதான்னு அப்போதான் தெரியும்.

#11 கோஜுநிழல்
முட்டின்னதும் ஞாபகம் வருது. படத்துல அந்தப் பொண்ணோட கால் விரல் வெளியே பாத்து இருக்கு. 45 டிகிரி. அது கிபா டாச்சியே, அதாவது உங்க குதிரை நிலையே இல்ல, ஷிகோ டாச்சி. எங்க நிலை. அழகா நிக்கறா, முட்டியும் விரலும் ஒரே திசையில. சின்னப் பிள்ளைங்களுக்கு இடுப்பு மூட்டுக்கு இதுதான் சுகம். உங்க ஷோட்டோகான்ல விரலை நேரா வெச்சு முட்டியை மட்டும் வெளியே தள்ளச் சொல்றீங்களே, பிஞ்சு முட்டிக்கு எவ்வளவு திருகல்? இதுக்குப் பதில் சொல்லுங்க.

#12 குதிரைநிலை
தலைப்பு பூவாளி.

#13 கோஜுநிழல்
தலைப்பு மாறல. பூவாளி பிடிச்ச குழந்தையோட கால் விரல் பத்திக் கேக்கறேன்.

#14 வெண்டைக்காரன்
வெயில் பத்தி நான் எழுதினதை யாருமே கண்டுக்கல.

#15 இலைநரம்பு
கண்டுக்க என்ன இருக்கு? போன வருஷம் இதே லென்ஸ் கதையை நீங்க எழுதினீங்க, இதே இடத்துல நான் பதில் சொன்னேன். 2010-ல ஹங்கேரி ஆய்வாளர்கள் சோதிச்சுப் பாத்து 'நியூ ஃபைட்டாலஜிஸ்ட்' இதழ்ல வெளியிட்டாங்க. மேப்பிள் இலை மேல கண்ணாடி உருண்டையை வெச்சா கருகுச்சு, தண்ணிச் சொட்டு வெச்சா கருகல. சொட்டு தட்டையா ஒட்டிக்கிறதால ஒளி குவியற இடம் இலைக்குக் கீழே எங்கேயோ போயிடுது. ரோமம் சொட்டைத் தூக்கிப் பிடிக்கிற இலையில மட்டும்தான் கருக வாய்ப்பு. மத்தியானம் ஊத்தக் கூடாதுங்கறதுக்குக் காரணம் வேற, தண்ணியில ஒரு பகுதி வேருக்குப் போறதுக்குள்ள ஆவியாயிடும். அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனவர் அதே கதையோட திரும்பி வந்திருக்கீங்க.

#16 வெண்டைக்காரன்
நான் கோவிச்சுக்கிட்டுப் போகல. ஊர்ல இல்ல. அப்புறம், அவரை இலையிலயும் ரோமம் உண்டு. தடவிப் பாருங்க. மேப்பிளை வெச்சு அவரைக்குத் தீர்ப்பு எழுதாதீங்க.

#17 இலைநரம்பு
அந்த ஆய்வுல கருகினது தண்ணியில மிதக்கிற ஒரு பெரணியோட இலை. சொட்டை உருண்டையா உசத்தித் தாங்குற ரோமம் அதுக்கு. அவரை ரோமமும் அதுவும் ஒண்ணா?

#18 ரெட்டைவால் அம்மா
உங்க ரெண்டு பேர் சண்டையை வேற இழையில வெச்சுக்கோங்க. எனக்கு மாஸ்டர்கிட்ட ஒரு கணக்கு இருக்கு.

நேத்து சாயங்காலம், கைப்பிடி கைப்பிடின்னு இவர் எழுதினதைப் படிச்சு ரோஷம் வந்து, கைப்பிடி இல்லாத ரெண்டு பிளாஸ்டிக் ஜாடியைப் பாதி நிரப்பி மகள் கையில கொடுத்தேன். விளிம்பைப் பிடிச்சா. ஆறு செடி வரைக்கும் அருமையா போனா. விரல் நுனி எல்லாம் வெளுத்துப் போச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு "நானா, ஜாடியா"ன்னு முணுமுணுத்தா. ஏழாவது செடியில ஜாடி நழுவி நேரா தண்டு மேல விழுந்து தண்டு ஒடிஞ்சிடுச்சு. அது அவ பேர் வெச்சு வளர்த்த செடி. ஒரு மணி நேரம் அழுதா. சந்தோஷமா மாஸ்டர்?

#19 குதிரைநிலை
குழந்தை அழுதது எனக்கும் கஷ்டமா இருக்கு. ஆனா பாருங்க, நான் சொன்னது அப்படியே நடந்திருக்கு. நாலு வாரம் பூவாளி தூக்கின கை ஏழு செடி தாண்டல. பிடிவலு வந்திருந்தா ஜாடி நழுவுமா? நான் கொடுக்கச் சொல்லவும் இல்ல. ரெண்டு மாசம் கையில எதையும் கொடுக்க மாட்டேன்னுதானே எழுதியிருக்கேன், #10 பாருங்க.

#20 ரெட்டைவால் அம்மா
ஆறு செடி தாண்டினதைப் பாருங்க! வகுப்புக்கே போகாத ஆறு வயசுக் குழந்தை, முதல் நாளே, விரல் நுனியில ஆறு செடி. அந்த வலு எங்கிருந்து வந்துச்சு? பூவாளியில இருந்து வந்துச்சு.

#21 வெண்டைக்காரன்
எந்த இடத்துல ஒடிஞ்சுது? கீழே ஒரு கணுவும் அதுல ஒரு இலையும் மிச்சம் இருந்தா அந்தக் கக்கத்துல இருந்து புதுசாத் துளிர்க்கும், பிடுங்கிடாதீங்க. மண்ணோட மட்டமா ஒடிஞ்சிருந்தா அவ்வளவுதான், அந்த இடத்துல ரெண்டு விதை போடுங்க. ஒரு வாரம் பத்து நாள்ல முளைச்சிடும்.

#22 ரெட்டைவால் அம்மா
ரெண்டு கணுவுக்கு மேலதான் ஒடிஞ்சிருக்கு. நன்றி அண்ணா. இன்னொண்ணும் கேக்கணும். பத்தாவது செடி மட்டும் கீழ் இலை எல்லாம் மஞ்சளாகுது. மத்ததெல்லாம் நல்லா இருக்கு.

#23 வெண்டைக்காரன்
பையன் பத்து வரைக்கும் எண்ணிட்டு மிச்சத் தண்ணியை எங்கே கொட்டறான்?

#24 ரெட்டைவால் அம்மா
ஐயோ. அங்கேதான். தினமும் மிச்சம் மொத்தமும் பத்தாவது செடிக்குத்தான்.

#25 வெண்டைக்காரன்
வேருக்கு மூச்சு முட்டுது. மூணு நாள் அதுக்குத் தண்ணி காட்டாதீங்க. விரலை ரெண்டு கணு ஆழம் மண்ணுல விட்டுப் பாக்கச் சொல்லுங்க, ஈரம் தட்டினா ஊத்தக் கூடாது. மூடாக்கு போட்டிருந்தா அந்த ஒரு செடிக்கு மட்டும் கொஞ்ச நாள் விலக்கி வைங்க.

#26 குதிரைநிலை
இதைத்தான் சொல்ல வந்தேன்! எண்ணுறதுல கவனம், செடியில கவனம் இல்ல. ரெண்டு வேலையை ஒண்ணாக் கட்டினா ரெண்டும் கெட்டுப் போகும். நிலையும் அரைகுறை, தோட்டமும் அரைகுறை. காலைல தோட்டம் பாருங்க, சாயங்காலம் டோஜோவுக்கு, அதான் கராத்தே வகுப்புக்கு, அனுப்புங்க. யார் வேண்டாம்னா? நான் இங்கே வந்ததே...

#27 இலைநரம்பு
டோஜோவுக்கு ஆள் சேக்க வந்தீங்க.

#28 குதிரைநிலை
22 வருஷத்துல ஒரு பிள்ளையைக்கூட நான் கூவிக் கூப்பிட்டதில்ல. இந்தப் பேச்சு என்கிட்ட வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒரு கலர் பெல்ட் கொடுக்கிற இடங்களைப் போய்க் கேளுங்க. 1924-ல ஃபுனகோஷி முதல் முதலா கருப்பு பெல்ட் கொடுத்தப்போ மொத்தமே ஏழு பேருக்குத்தான் கொடுத்தார். அதுவும் ஜூடோவை உருவாக்கின கானோ வெச்சிருந்த முறையைப் பாத்து எடுத்துக்கிட்டது. நான் அந்த வழியில நிக்கிறவன். என்கிட்ட அஞ்சு வருஷம் வெள்ளை பெல்ட்லயே இருந்த பிள்ளை உண்டு, அவங்க அம்மா ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல.

#29 ரெட்டைவால் அம்மா
பெல்ட் பத்தி நான் ஒரு வரி எழுதினேனா? அப்புறம் இன்னொண்ணு. ஃபுனகோஷியோட குரு இடோசு 1900-களோட தொடக்கத்துல கராத்தேவைப் பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டு போனப்போ பிள்ளைங்களுக்காக பினான் கட்டாக்களை எளிமையா அமைச்சுக் கொடுத்தார். குழந்தைக்கு ஏத்த மாதிரி மாத்தினா கலை கெட்டுடாதுன்னு உங்க குருவுக்குக் குருவே காட்டியிருக்கார். நான் மாத்தினா மட்டும் குத்தம்.

#30 குதிரைநிலை
இடோசு மாத்தினது கராத்தே தெரிஞ்சு மாத்தினது. அவர் யார் கையிலயும் கைப்பிடி வெச்ச பாத்திரத்தைக் கொடுத்ததா நான் எங்கேயும் படிக்கல.

#31 நாலாம் கண்
#7-ல ஒரு கேள்வி கேட்டேன்.

#32 ரெட்டைவால் அம்மா
இன்னைக்குக் காலைல மகளே பூவாளியை எடுத்து, கைப்பிடியை விட்டுட்டு, வாய் விளிம்பை ரெண்டு கையாலும் கவ்விப் பிடிச்சு ஊத்தினா. யாரும் சொல்லல. ஒடிஞ்ச செடிக்கு முன்னாடி மட்டும் பூவாளியைத் தரையில வெச்சுட்டு வெறும் கையால அள்ளி ஊத்தினா. இதுக்கு என்ன பேர் வெப்பீங்க?

#33 குதிரைநிலை
ரெண்டு கையால பிடிச்சா அது நிகிரி கமே ஆகாது. ஒரு கைக்கு ஒண்ணு.

#34 கோஜுநிழல்
கால் விரல் பத்தி நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.